உறை பிரிக்காத பொம்மை

லயத்துப் பேத்தி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பிரசவம் பார்த்தது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மருத்துவச்சிப் பாட்டி. பிற்பாடு நானே மிஸ்ஸியாகி, அதாவது தாதியாகி, ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவச்சிப் பிரிவுக்குப் பாடம் எடுத்தேன்.

தர அங்கீகாரத்துக்குக் குழு வருகிறது என்றதும் இரண்டு வாரம் பாடமே நடக்கவில்லை. கோப்புகளுக்கு அட்டை போட்டோம், சுவருக்குச் சாயம் அடித்தோம். பிரசவப் பயிற்சிப் பொம்மையைக் குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தேன். வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது!

குழுவில் வந்த அம்மா கோப்புப் பக்கமே போகவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “நஞ்சுக்கொடி விழுந்தாச்சு, ரத்தம் நிற்கவில்லை. என்ன செய்வே, செய்து காட்டு” என்றார். அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்கணும், தொளதொளவென்று இருந்தால் தேய்த்துவிடணும், கூடவே கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் மருந்து போட ஆள் கூப்பிடணும். அந்தப் பிள்ளை இதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தாள். கை மட்டும் பொம்மை மேல் எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. தப்பு அவளுடையதா என்ன?

அப்புறம், மாணவிகள் தாங்கள் பார்த்த பிரசவங்களை எழுதி வைக்கிற லாக் புக்கைக் கேட்டார். ஒரே தேதியில் ஒரே பிரசவம் நாலு பேர் புத்தகத்தில் இருந்தது. அங்கீகாரம் அந்த வருஷம் கிடைக்கவில்லை. நிர்வாகத்துக்குக் கோபம். எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதி.

ஈப்போ மிஸ்ஸி:
உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பின் தரவிதி, படிப்பில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்கணும் என்கிறது. நேரே சேர்ந்தால் மூன்று வருஷம், தாதியர் படித்துவிட்டு வந்தால் 18 மாதம். நம்மூரில் 1966-லேயே மருத்துவச்சிகள் சட்டம் வந்தாச்சு. ஆனாலும் லாக் புக் காப்பி அடிப்பதைச் சட்டம் வந்து தடுக்குமா?

வங்காளதேசத்தில், காக்ஸ் பஜார் ரோஹிங்கியா அகதி முகாமில் கொஞ்ச நாள் வேலை செய்தேன். மூன்று வருஷ டிப்ளோமா முடித்த வங்காளதேசப் பெண்கள், இருபத்து மூன்று வயதுதான் இருக்கும், ராத்திரியில் தனியாகப் பிரசவம் பார்த்தார்கள். “பாடம் எடுத்தவங்களே தாதிகள்தான் அக்கா, மருத்துவச்சிப் படிப்பு அவங்களே படிக்கலை” என்றாள் ஒருத்தி. கட்டடத்தை அளக்கிற குழு, சொல்லிக்கொடுக்கிறவர் கடைசியாக எப்போது பிரசவம் பார்த்தார் என்றும் கேட்கணும்.

லயத்துப் பேத்தி:
அதையும் கேட்டார் அந்த அம்மா. ஆறு வருஷம் ஆச்சு என்றேன். எழுதிக்கொண்டார். மறு மாதமே வாரத்துக்கு ஒரு நாள் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்குப் போக ஆரம்பித்தேன், மாணவிகளோடு சேர்ந்து.