கொல்லைக் குளத்தை எவ்வளவு சுத்தமாக வைக்க வேண்டும்?

வணக்கம். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டியிருக்கிறேன். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம், ஏறக்குறைய 1,350 லிட்டர் பிடிக்கும். இரண்டு அல்லிச் செடி, 30 கப்பி மீன், அவ்வளவுதான். மோட்டார், ஃபில்டர் எதுவும் இல்லை.

போன மாதம் தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று மொத்தத்தையும் இறைத்து, சுவரைத் தேங்காய் நாரால் வழுவழுப்புப் போகும்வரை தேய்த்து, குழாய்த் தண்ணீரை நேராக விட்டேன். மறுநாள் காலையில் 11 மீன் செத்து மிதந்தன. மனசே ஆறவில்லை. குளோரின் போக ஒரு நாளாவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், மீன் கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா அந்தச் சுவர்ப் படலத்தில்தான் இருக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பத்தே நாளில் மறுபடி பச்சை, முன்னைவிட அடர்த்தியாக.

இப்போது தொடாமல் விட்டிருக்கிறேன். தட்டான்கள் முட்டையிட வருகின்றன. அம்மாவுக்கோ டெங்கு பயம், தேங்கிய தண்ணீர் என்றாலே கொசு என்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தேன், நெளிந்த ஒரு புழுவைக் கப்பி உடனே கவ்விக்கொண்டது. ஆனால் மீன் நுழைய முடியாத அல்லி இலை இடுக்குகளில்?

அடியில் முருங்கை இலை மக்கி ஒரு அங்குலம் சேறு இருக்கிறது, அதை அள்ளலாமா, விட்டுவிடலாமா? ஒரு தடவைக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதுமா? மருந்து ஊற்றுவதில்லை என்று முடிவு. வருஷக்கணக்காகக் குளம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.