சாம்பியாவில் பத்து நாள் சைக்கிள் பயணம்: கலோமோ பக்கம் பார்த்தது

போன ஜூலையில் சாம்பியா போயிருந்தேன். லுசாக்காவில் கிளம்பி மசாபுக்கா, மோன்சே, சோமா, கலோமோ வழியாக லிவிங்ஸ்டன் வரை. தார்ரோட்டிலேயே போனால் 500 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஆனால் நாங்கள் பார்க்க வேண்டிய பள்ளிகளும் சுகாதார நிலையங்களும் ரோட்டைவிட்டு உள்ளே இருந்ததால் பாதிக்குமேல் மணல் பாதைதான். ஆளுக்குக் கொஞ்சம் பணம் திரட்டிக்கொண்டு போயிருந்தோம், மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க.

கலோமோவுக்கு உள்ளே ஒரு காலை. அங்கே ஜூலை என்றால் குளிர்காலம், ஹேண்டில் பிடிக்க முடியாமல் விரல் மரத்துப்போகிறது. யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்பிள்ளை, பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும், கேரியரில் தம்பியை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தாள். "முவபுக்கா பூட்டி" என்று காலை வணக்கம் சொன்னேன், அந்தப் பக்கத்து மொழியான டோங்காவில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினாள். பள்ளிக்கு 7 கிலோமீட்டர். நடந்து போன காலத்தில் இருட்டிலேயே கிளம்பணுமாம், அப்படியும் முதல் பாடம் போய்விடுமாம், மழைக்காலத்தில் பல நாள் போகவே மாட்டாளாம். இப்போது அந்தச் சைக்கிளில்தான் அவள் அம்மா சோளத்தை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவருகிறார்.

அவள் ஓட்டியது பஃபலோ சைக்கிள். வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு கொடுப்பது. 2005ல் இலங்கையில் சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்குச் சைக்கிள் கொடுத்துத்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள், அப்புறம்தான் சாம்பியா. கியர் கிடையாது, பிரேக் கம்பி கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும். கேரியர் 100 கிலோ தாங்கும். கனமான வண்டிதான், ஆனால் கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. கலோமோ இருக்கும் அந்தத் தென் மாகாணத்திலேயே, பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மாணவிகளை வைத்து 2017-18ல் ஓர் ஆய்வு நடந்தது. சைக்கிள் கிடைத்தவர்கள் பள்ளிக்கு வராத நாள்கள் 28 சதவீதம் குறைந்திருந்தன. இந்தக் கணக்கை நான் முன்பே படித்திருக்கிறேன், ஆனால் அந்தப் பிள்ளை பெல் அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்து, வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்காமல் வகுப்புக்குள் போனதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

எனக்கு வலித்தது மறுநாள். ஒரு சின்னச் சுகாதார நிலையம், குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். மரக்கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், சிட்டெங்கே துணியில் குழந்தையை முதுகில் கட்டிய தாய்மார்கள் காலையிலிருந்தே வரிசையில். பக்கத்தில் ஒரு கொட்டகை, பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் தூரத்து ஊர்களிலிருந்து முன்கூட்டியே வந்து தங்க. சுவரோரம் ஒரு நல்ல கியர் சைக்கிள், தூசி படிந்து கிடந்தது. முன்பு வந்த யாரோ ஒரு குழு கொடுத்துவிட்டுப் போனதாம். பின்பக்க கியர் உடைந்து ஐந்து மாதம், அந்தப் பாகம் அங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. அதை ஓட்டிய தன்னார்வலர், கிட்டத்தட்ட ஐம்பது வயது மனிதர், மலேரியா பரிசோதனைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடக்கிறார். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது உடைந்தால் யார் சரிசெய்வார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது, அடக்கவே முடியவில்லை.

எங்களோடு வந்த மெக்கானிக் சாம்பியாக்காரர். கியர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, செயினை வெட்டிச் சின்னதாக்கி, ஒற்றைப் பல்சக்கரத்தில் ஓடும்படி மாற்றிவிட்டார், இரண்டு மணி நேரம் பிடித்தது. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் டயர்களைத் தினமும் கிழித்த முள்ளுக்கு, நம்மூர் வேலமுள் மாதிரியே வெள்ளையாக நீளமாக இருக்கும், டியூப் ஒட்டும் சாமான்களையும் விட்டுவிட்டு வந்தோம்.

நீங்கள் யாராவது போவதாக இருந்தால் பேனா, மிட்டாய் எல்லாம் வேண்டாம். பக்கத்து டவுன் கடையில் என்ன டயர், என்ன செயின் விற்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அந்தத் தன்னார்வலர் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். பெடல் ஒன்று உடைந்துவிட்டதாம். கலோமோவில் வாங்கி அன்றைக்கே மாட்டிவிட்டாராம்.