'வள்ளியூர் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் கூடங்குளம் கணக்கு

சுப்பையா பெரியப்பா: 2047க்குள் 1 லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. இப்போது இருப்பது 9,000க்கும் கீழே. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் 👍

கார்த்திக்: வேலை சரி பெரியப்பா. விலை? கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 1, 2ஆம் உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி. அப்புறம் திருத்தித் திருத்தி 22,462 கோடி ஆனது.

சுப்பையா பெரியப்பா: போராட்டம் பண்ணி இழுத்தடித்தால் ஏறாதா?

செல்வி அத்தை: அண்ணே, எல்லாப் பழியையும் போராடின இடிந்தகரை ஊர்க்காரர்கள் மேலேயே போடாதீர்கள். 2002இல் வேலை தொடங்கியபோது முதல் உலை 2007இல் முடியும் என்றார்கள். போராட்டம் பெரிதானது 2011இல், ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம். நடுவில் போன நாலு வருஷம் யார் கணக்கில்?

மீனா மதினி: வட்டியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. பேங்கில் நான் தினமும் பார்ப்பது அதுதான். 10,000 கோடி கடன், 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 800 கோடி. உலை ஓடும்வரை ஒரு யூனிட்கூட விற்க முடியாது. அந்த வட்டியும் கட்டுமானச் செலவில் ஏறி, கடைசியில் மின்சார விலையில் வந்து உட்காரும். யுரேனியம் செலவெல்லாம் இதற்கு முன்னால் கொஞ்சம்தான்.

கார்த்திக்: ஆமாம் மதினி. அமெரிக்காவில் வோக்ட்ல் 3, 4 உலைகள் 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்து 3,000 கோடியைத் தாண்டின. ஏழு வருஷம் தாமதம்.

சுப்பையா பெரியப்பா: அவர்களுக்குக் கட்டுகிற பழக்கம் விட்டுப்போயிற்று. ஒரே மாதிரி உலையை வரிசையாகக் கட்டினால் செலவு இறங்கும். கொரியாக்காரன் அபுதாபியில் நாலு கட்டி முடித்துவிட்டானே.

செல்வி அத்தை: அதுவும் பிந்தித்தான் முடிந்தது. இங்கே 3, 4ம் அதே ரஷ்ய உலை, அதே இடம். மதிப்பீடு 39,849 கோடி. இறங்கியதா?

கார்த்திக்: வெறும் சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய்க்கு ஏலம் போகிறது.

சுப்பையா பெரியப்பா: ராத்திரி எட்டு மணிக்கு சூரியனை எங்கே போய்த் தேடுவாய்? முப்பந்தல் காற்றாடியும் புரட்டாசி தாண்டினால் படுத்துவிடும். கூடங்குளத்தில் தமிழ்நாட்டுப் பங்கு 925 மெகாவாட், உலை ஓடினால் தை மாதம் நடுராத்திரியிலும் வரும்.

மீனா மதினி: அது உண்மை மாமா. பேட்டரியோடு சேர்த்து மூன்றரை ரூபாய் அளவில் ஏலம் போயிருக்கிறது, ஆனால் அந்தப் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் 1, 2ஐ மூடச் சொல்வது பைத்தியக்காரத்தனம், காசு ஏற்கெனவே போட்டாயிற்று. புதிது கட்டுவதாக இருந்தால் தாமத வட்டி கட்டுகிறவர் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். அப்போது நானும் கை தூக்குகிறேன்.

செல்வி அத்தை: ஆயுள் முடிந்தபின் பிரிக்கிற செலவு?

கார்த்திக்: அதற்கு யூனிட்டுக்கு 2 பைசா எடுத்து வைக்கிறார்கள் அத்தை.

செல்வி அத்தை: 2 பைசாவா 😳

கார்த்திக்: 1,000 மெகாவாட் உலை நன்றாக ஓடினால் வருஷம் சுமார் 700 கோடி யூனிட். அப்படியானால் 14 கோடி ரூபாய். 40 வருஷத்துக்கு 560 கோடி.

சுப்பையா பெரியப்பா: வட்டியும் சேருமே.

மீனா மதினி: இப்போது மட்டும் வட்டி இனிக்கிறதா மாமா 😄

செல்வி அத்தை: அந்த நிதியில் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது? கார்த்திக், தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்டிஐ மனு போட்டுக் கேள். கட்டணம் பத்து ரூபாய் நான் தருகிறேன்.