கோஹாவில் 'வெள்ளவத்தை' என்று தேடினால் பூச்சியம். யாராவது உதவுங்கள்

கொழும்பு6:
வணக்கம். கொழும்பில் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பதினெட்டு வருடமாகப் பதிவேடும் பட்டியல் அட்டையும்தான். போன விடுமுறையில் இணையவழிப் பயிற்சி ஒன்று எடுத்து நூலக மென்பொருளான கோஹாவும், அதில் ஏற்றும் பதிவுகளைத் தயாரிக்கும் மார்க்எடிட்டும் பழகினேன். பயிற்சியில் காட்டியது முழுக்க ஆங்கிலப் புத்தகங்கள், ஒரு தடங்கலும் இல்லை. நம்முடைய புத்தகங்களில் கை வைத்ததும்தான் வினை.

முன்பு இருந்தவர் எக்செலில் 2,340 தலைப்புகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினேன். பிறகு சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, மார்க்எடிட்டில் மாற்றி, கோஹாவில் ஏற்றினேன். முதல் தடவை எல்லாமே கேள்விக்குறி. வேறு கணினியில் செய்தபோது தமிழ் வந்தது, ஏன் என்று விளங்கவில்லை. இப்போது பதிப்பிடம் 'வெள்ளவத்தை' என்று தேடினால் ஒன்றும் இல்லை. பதிவைத் திறந்தால் வெள்ளவத்தை என்றுதான் இருக்கிறது! 'வெளிச்சம்', 'தெளிவு' எல்லாம் இதே கதை. 'கொழும்பு' மட்டும் ஒழுங்காக வருகிறது. அடுத்த கிழமை அதிபருக்குக் காட்ட வேண்டும்.

அட்டைப்பெட்டி:
கேள்விக்குறி வந்தது எக்செலால். வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால் கணினியின் பழைய குறியாக்கத்தில் போய்விடும், அதில் தமிழுக்கு இடமே இல்லை. பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய எக்செலில் அது இல்லாவிட்டால் லிப்ரேஆபிஸில் திறந்து சேமியுங்கள், குறியாக்கத்தை அதுவே கேட்கும். தேடலுக்கு, கோஹாவின் தேடல் சுட்டியை (இன்டெக்ஸ்) ஒருமுறை புதிதாகக் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

894ஆம் தட்டு:
கொழும்பு வருகிறதென்றால் சுட்டியில் பிழை இருக்காது. அக்கா, ஒரு சோதனை. பதிவில் இருக்கும் வெள்ளவத்தையை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். வருகிறதா? அதே பதிவைப் போனிலும் திறந்து பாருங்கள்.

கொழும்பு6:
ஒட்டினால் வருகிறது தம்பி! நான் தட்டினால் வருவதில்லை. போனில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் தெரிகிறது.

894ஆம் தட்டு:
நினைத்தேன். பாமினியில் 'தமிழ்' என்று வரத் தட்டும் விசைகள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை வரிசையாக அடுக்குவதுதான் அந்த முறை. ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லை. 'மௌனம்' எழுதினாலும் கொம்பு, ம, ள. 'வெள்ளம்' எழுதினாலும் கொம்பு, வ, ள. உங்கள் மாற்றி இரண்டையும் ஔகாரம் என்று எடுத்துவிட்டது. அதனால் உங்கள் பதிவில் இருப்பது 'வௌ்ளவத்தை'. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். நம் நாட்டு இணையத்தளங்களில் 'வௌியீடு' என்று எத்தனை இடத்தில் கிடக்கிறது பாருங்கள், எல்லாம் இதே வியாதி.

திருத்துவது லேசு. ஔகாரக் குறிக்குப் பிறகு இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வரவே முடியாது, வந்திருந்தால் அது நிச்சயம் பிழை. சிஎஸ்வியை நோட்பேட்++ இல் திறந்து 'வௌ்' என்பதை 'வெள்' என்றும், 'வௌி' என்பதை 'வெளி' என்றும், 'தௌி' என்பதை 'தெளி' என்றும் மாற்றுங்கள். ஆகாரத்துக்கும் அப்படியே. குறி ஒட்டாமல் நிற்கும் ஔகாரங்களை மட்டும் கண்ணால் பாருங்கள். அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதற்கு முன் கோஹாவில் ஏற்றிய தொகுதியை மீளப்பெற்று விடுங்கள். ஏற்றிய பதிவுகளைக் கையாளும் பக்கத்தில் அன்டூ இருக்கிறது. ஒவ்வொன்றாக அழிக்கப் போகாதீர்கள்!

அட்டைப்பெட்டி:
சுட்டியைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: மார்க்எடிட்டில் யூடிஎஃப்-8 பெட்டியில் சரி போட்டீர்களா? ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வரும் குறியீட்டு வரியின் (லீடர்) 9ஆம் இடத்தில் ஆங்கில 'ஏ' இருந்தால்தான் அது யுனிகோடு என்று மற்ற மென்பொருள்களுக்குத் தெரியும்.

கொழும்பு6:
அது இருக்கிறது. நேற்றிரவு உட்கார்ந்து முடித்தேன், 311 இடங்கள். கண்ணால் பார்த்ததில் மௌனம், பௌத்தம், கௌரவம் எல்லாம் சரி. ஒன்றே ஒன்று மாட்டியது: யாரோ ஒரு 'ள்' விட்டு 'வெளவத்தை' என்று தட்ட, மாற்றி அதை 'வௌவத்தை' ஆக்கியிருந்தது. வௌவால் வந்து தங்கும் ஊர் போல. திருத்தி ஏற்றியாயிற்று, வெள்ளவத்தை என்று தேடினால் 46 புத்தகம் வருகிறது.

இப்போது ஆசிரியர் பெயர். ஒரு பதிவில் 'க. கைலாசபதி', இன்னொன்றில் 'கைலாசபதி, க.'. கோஹா இரண்டு ஆளாக எண்ணுகிறது.

894ஆம் தட்டு:
அது வெள்ளவத்தையை விடப் பெரிய கதை அக்கா. தனிக் கேள்வியாகப் போடுங்கள். பதிவில் ஆசிரியர் பெயர் வரும் 100ஆம் புலத்தின் முதல் குறிகாட்டியில் என்ன இலக்கம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.