கூலி என்ற சொல்லை வெளியூரில் எங்கே கேட்டீர்கள்?

எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் செலவுச் சீட்டு எழுதுகிற அக்கா, ஆங்கிலத்தில் எழுதும்போதும் 'லோடிங் கூலி' என்றுதான் எழுதுவார். சென்னையில் பாதி அலுவலகங்களில் இதுதான் வழக்கம். அண்மையில் அப்படி ஒரு சீட்டு தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து வம்சாவளி. தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சீட்டு அனுப்பச் சொன்னார். அக்காவுக்குக் கோபம். "கூலியைக் கூலின்னு எழுதாம வேற எப்படி எழுதறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நகைக்கடையில் செய்கூலி, தையல்காரரிடம் தையற்கூலி, லாரிக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாவு மில்லில் அரவைக்கூலி. எல்லாமே காசு. ஆளைக் குறிக்க வேண்டுமென்றால் இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டும்: கூலியாள், கூலிக்காரர். 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் கூலி எவ்வளவு கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், தெய்வத்துக்கே மேலே! நம்மிடம் இழிவான தொனி இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூலிப்படை இருக்கிறது, கூலிக்கு மாரடிக்கிறது இருக்கிறது. ஆனால் அங்கேயும் பழி, காசு வாங்கிக்கொண்டு செய்கிற காரியத்தின் மேல்தான்.

கப்பல் ஏறிய பிறகு காசு ஆளாக மாறிவிட்டது. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து:

உங்கள் வாடிக்கையாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். இங்கே அது நேரடி வசைச்சொல். வந்த புதிதில் ஒருநாள் பேருந்தில் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன், ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற விஷயம். ஆள் கூலி எவ்வளவு, கூலி ஏறிப்போச்சு என்று சத்தமாகவே பேசினேன். முன் இருக்கையில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். தமிழ் வம்சாவளிதான், ஆனால் தமிழ் தெரியாது. அவருக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். இறங்கும்போது விளக்கினேன். "சம்பளமா? அவ்வளவுதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அப்புறம் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகளுக்கும் அதே பெயர்தான் ஒட்டியது. 1893இல் வந்த காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனார். வெள்ளையர்கள் 'சாமி' என்றும் கூப்பிடுவார்களாம், முனுசாமி, ராமசாமி என்று பேர்கள் முடிவதால். அதையும் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவர்கள், "சாமி என்றால் எசமான் என்று அர்த்தம். நான் உன் எசமான் இல்லையே!" என்று திருப்பிக் கொடுத்ததைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூலி என்பதற்கு அப்படி ஒரு பதிலடி யாருக்கும் கிடைக்கவில்லை போல.

ஹைதராபாத்திலிருந்து:

இங்கே கதை வேறு பக்கம் போகிறது. உருது தெரிந்த நண்பர் ஒருவர், ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவரைக் குறிக்கும் 'குலி'யை எழுதிக் காட்டினார். சாதாரண ககரம் போடவில்லை, அடித்தொண்டையிலிருந்து வருகிற ககரம். "இது எங்கள் ராஜா பெயரில் இருக்கிற குலி" என்றார். இந்த ஊரை 1591இல் நிறுவிய முகமது குலி குதுப் ஷாவைச் சொல்கிறார். அந்தக் குலி துருக்கியச் சொல், இன்னாருடைய அடிமை அல்லது ஊழியன் என்று பொருள். கடவுளுக்கோ பெரியவருக்கோ ஊழியன் என்ற பணிவில் ராஜாக்களே வைத்துக்கொண்ட பெயர். அதே எழுத்துக் கோவை சிவப்புச் சட்டைக்காரருக்கும் வந்துவிட்டது. நம் கூலி வடக்கே போனபோது அங்கே ஏற்கெனவே இருந்த குலியின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

2016 ரயில்வே பட்ஜெட்டில் இவர்களை இனி 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நடைமேடையில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொடங்கியவர்:

அருமை. ஆளைக் குறிக்கும் ஆங்கிலக் 'கூலி' எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஒன்று குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்கிறது. இன்னொன்று தமிழ்க் கூலி என்கிறது. தெலுங்கைச் சொல்வதும் உண்டு. போர்ச்சுக்கீசியர் இரண்டு கரையிலும் வியாபாரம் செய்தவர்கள், அவர்கள் வாயில் இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் ஊதியம் என்ற பொருளில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் இந்தச் சொல் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அதனால் என் ஓட்டு தெற்குக்கு.

சிங்கப்பூரிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. என்னோடு வேலை செய்யும் சீனப் பெண், இது அசல் சீனச் சொல் என்று அடித்துச் சொன்னார். காரணம், அவர்கள் எழுதுகிற இரண்டு எழுத்தில் 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லீ' என்றால் வலு. சொல் வெளியிலிருந்து வந்தது, ஆனால் ஒலிக்குப் பொருத்தமான எழுத்தைத் தேடியவர் பொருளையும் பிடித்துவிட்டார். அந்தப் பெண்ணை நான் நம்பவைக்க முயலவில்லை. கியூபாவுக்கும் பெருவுக்கும் கப்பலில் போன சீனத் தொழிலாளர்களுக்கு அது பொருத்தமாகத்தானே இருந்திருக்கும்.

மேடானில் இருந்து வந்தவர்:

சுமத்ராவின் மேடானில் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதி உண்டு. 1884இல் கட்டிய மாரியம்மன் கோவிலும் அங்கே இருக்கிறது. அங்கே இருக்கிற தமிழர்கள் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1880இல் டச்சுக்காரர்கள் அங்கே 'கூலிச் சட்டம்' என்றே ஒன்று போட்டார்கள். ஒப்பந்தத்தை மீறி ஓடினால் தண்டனை, சிறை.

இன்றைய இந்தோனேசிய மொழியில் 'குலி' என்றால் ஆள்தான்: கட்டட வேலைக்காரர், மூட்டை தூக்குபவர். சம்பளத்துக்கு அவர்கள் சொல் 'உபா'. அதாவது நம்மிடமிருந்து சொல்லை வாங்கிக்கொண்டு அதிலிருந்த காசை மட்டும் உருவிவிட்டார்கள்! ஆனால் எனக்குப் பிடித்தது 'குலி திந்தா'. திந்தா என்றால் மை. மைக்கூலி, அதாவது பத்திரிகைக்காரர். அங்கே ஒரு நிருபர் தன்னை அப்படித்தான் சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்திக்கொண்டார்.

ஹட்டனிலிருந்து:

மற்றவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லை வெளியூரில் சந்தித்திருக்கிறீர்கள். எங்களுக்கு அது வீட்டு விலாசம். இலங்கை மலையகத்தில் கோப்பி (காபி) பயிரிட்ட காலத்திலிருந்து அரசாங்கக் காகிதத்திலும் தோட்டக் கணக்கிலும் நாங்கள் கூலி, நாங்கள் இருந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, கூலி லயம். துரைமாருக்குத் தமிழ் பழக்க அச்சடித்த கைப்புத்தகம் ஒன்றுக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'இங்கே வா'. தலைப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன பாடம் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. என் அம்மம்மா கொழுந்து பறித்தவர். அவர் நாட்சம்பளத்தைக் கூலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'பேர்' என்பார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, சொன்ன இறாத்தல் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை ஆட்கள் என்று அர்த்தமில்லை, எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதுகிறவர்கள் ஆளைக் காசின் பெயரால் எழுதினார்கள், எங்கள் ஆட்கள் காசை ஆளின் பேரால் சொன்னார்கள். இது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் பணம் என்பதால் வந்த வழக்கு. ஆனாலும் எனக்கு இதில் ஒரு திருப்தி உண்டு.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு இங்கே எத்தனை வருஷம் போராட வேண்டியிருந்தது, 2021இல்தான் அது வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தது. சொல்லை மாற்றுவது அதைவிடச் சுலபம் என்பதால் எல்லோரும் சொல்லை மாற்றுகிறார்கள். எனக்குக் கூலி என்ற சொல்லில் வெட்கமில்லை. அது குறைவாக இருப்பதில்தான் பிரச்சினை.

கொச்சியிலிருந்து:

ஹட்டன்காரர் சொன்னதற்குப் பிறகு இது விளையாட்டாகத் தெரியும், மன்னிக்கவும். கேரளத்தில் 'நோக்குகூலி' என்று ஒன்று இருந்தது. நீங்களே ஆள் வைத்துச் சாமான் இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்த சங்கத்தாருக்குப் பணம் தர வேண்டும். பார்த்ததற்குக் கூலி! 2018 மே 1 அன்று, தொழிலாளர் தினத்திலேயே, அரசு அதைத் தடை செய்தது. வீடு மாற்றியபோது நானும் கொடுத்திருக்கிறேன், அது தடைக்கு முன்பு. மெய்வருத்தமே இல்லாமல் வந்த கூலி அது ஒன்றுதான்.

கிங்ஸ்டனிலிருந்து:

ஜமைக்காவில் 'கூலி பிளம்' என்று ஒரு பழம் விற்கிறார்கள். பார்த்தால் நம் இலந்தைப்பழம். அதே புளிப்பு, அதே கொட்டை. விற்கிறவர்களுக்கு அந்தப் பெயரில் எந்த உள்நோக்கமும் இல்லை, எலுமிச்சை மாதிரி அதுவும் ஒரு பழத்தின் பெயர், அவ்வளவுதான். ஆனால் இங்கே இந்திய வம்சாவளியினரை அதே சொல்லால் கூப்பிடுவதும் உண்டு, அதில் சிலருக்குச் சங்கடம், சிலர் கண்டுகொள்வதில்லை. டர்பன் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் வாயில் வர மறுக்கிறது. நேற்று சந்தையில் பெயரைச் சொல்லாமல் விரலால் காட்டினேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்?" என்றார். இலந்தை என்றேன். அவர் வாயில் அது 'எலாண்டா' ஆகியிருக்கிறது.