அப்பாவுக்கு மறதியா, மனச்சோர்வா?

அப்பாவுக்கு 74 வயது. அம்மா இறந்ததிலிருந்து, சில மாதங்களாகப் பேச்சே குறைந்துவிட்டது. விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கிறார், சாப்பாடு இறங்குவதில்லை, எதைக் கேட்டாலும் "ஞாபகம் இல்லை" என்கிறார். மறதிக்குக் காரணமாக இருக்குமோ என்று பார்த்த தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளில் குறை இல்லை. காது கேட்கும் கருவியும் வாங்கிக் கொடுத்தோம். முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலில் 11 வந்தது; 5-ஐத் தாண்டினாலே மருத்துவர் பார்ப்பது நல்லது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன், இல்லை என்றார். வயதானவர்களின் மனச்சோர்வு சில நேரம் மறதி நோய் போலவே தெரியும், அதனால்தான் தள்ளிப்போட மனமில்லை. மனநல மருத்துவர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று அறைக்குள் போய்விடுகிறார். தாத்தாவே உலகம் என்றிருந்த என் 15 வயது மகளும் எல்லோரிடமும் எரிந்து விழுகிறாள். அந்த வயதில் துக்கம் அப்படியும் வெளிப்படும். அவள் பள்ளி ஆலோசகரிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

இப்படி மறுத்த பெரியவரை முதல் முறை மருத்துவரிடம் அழைத்துப்போக உங்கள் வீட்டில் எது கைகொடுத்தது?