அம்பை கோர்ட்டில் புது நீதிபதி முன் குறுக்கு விசாரணை: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

சீனியர்மாரே, அண்ணன் அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். நான் பாளையங்கோட்டையில் ஜூனியர் வக்கீல். கன்னடியன் கால்வாய் ஓரத்து வயலுக்குப் போகும் பாதை பற்றிய அசல் வழக்கு (ஒரிஜினல் சூட்), அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில். அடுத்த வாரம் வாதியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சீனியருக்கு அன்று ஹைகோர்ட் மதுரைக் கிளையில் வேலை. நீதிபதியோ மாறுதலில் வந்தவர், எங்களில் யாரும் அவர் முன் நின்றதில்லை.

இ-கோர்ட்ஸ் தளத்தில் அவருடைய பழைய தீர்ப்புகள் சிலவற்றைப் படித்தேன். ஆவணத்தை ஒழுங்காக நிரூபிக்காவிட்டால் தயவு தாட்சண்யம் கிடையாது என்று புரிந்தது. போன செவ்வாய் பாபநாசம் பஸ் ஏறிப் போய் அரை நாள் பின் பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தேன். வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை! எனக்கு வேண்டியது அதுதானே.

சாட்சியின் முதல் விசாரணை நிரூபண வாக்குமூலமாகவே (எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம்) வந்துவிடுவதால், எனக்கு இருப்பது குறுக்கு விசாரணை ஒன்றுதான். கேட்க நினைப்பது இது: சாட்சி சொல்லும் பதிலை நீதிபதி சொன்னபடியே பதிகிறாரா, சுருக்கிப் பதிகிறாரா? நீளமாகக் கேட்டால் இடையில் நிறுத்துவாரா? அப்புறம், பாதையைச் செல்போனில் எடுத்த படங்களைச் சாட்சியிடம் காட்ட வேண்டும். பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழை (மின்னணு ஆவணத்துக்கானது) அன்றே கேட்பாரா, எங்கள் தரப்புச் சாட்சியத்தின்போது கொடுத்தால் போதுமா? சான்றிதழ் எப்படியும் கேஸ் கட்டுக்குள் தயாராக இருக்கும்.

அவர் குணம் பற்றிய பேச்சு வேண்டாம், கோர்ட் நடத்தும் முறை மட்டும் போதும். பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்கலாம்தான், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.